பெற்றவரின் மூன்று கேள்விகள்: கிப்ளிங்கின் 'என் மகன் ஜாக்' குறித்து

போரைப் பாடிய கவிதைகள் எல்லா மொழிகளிலும் நிரம்ப உள்ளன. போருக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு வீட்டில் இருப்போரைப் பாடியவை அவற்றுள் சிறு பகுதியே. அச்சிறு பகுதியிலும் பெரும்பாலும் தரைப்படை வீரனின் தாயையும் தந்தையையுமே காண்கிறோம். கடற்படையில் மகனை விட்டுவிட்டுக் கரையில் காத்திருப்போரின் உள்ளத்தைத் தனியே எடுத்துப் பேசும் படைப்புகள் அரிதாகவே நம் பார்வையில் படுகின்றன. அத்தகைய ஒன்று, ஆங்கிலக் கவிஞர் ருட்யார்டு கிப்ளிங் 1916-ஆம் ஆண்டு எழுதிய 'என் மகன் ஜாக்' என்னும் சிறு கவிதை. நான்கே பத்திகள் கொண்டது. நூறாண்டுகளுக்கு மேலாகியும் போர் நினைவுநாள்களில் வாசிக்கப்பட்டு வருவது. துயருற்ற பெற்றோருக்கு ஆறுதலாக இது பரிந்துரைக்கப்படுவதும் உண்டு. அந்த ஆறுதல் மெய்யானதா என்பதே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா.

கப்பலின் பெயரே செய்தி

கவிதையின் பின்புலத்தை முதலில் காண்போம். 1916 மே 31, ஜூன் 1 ஆகிய நாள்களில் டென்மார்க்கின் ஜட்லண்டு தீவக்குறைக்கு மேற்கே பிரித்தானியக் கடற்படையும் செருமானியக் கடற்படையும் மோதின. இரு தரப்பிலுமாக 25 கப்பல்கள் மூழ்கின. பிரித்தானியத் தரப்பில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 'குயின் மேரி' என்னும் பெருங்கப்பல் வெடித்து மூழ்கியபோது அதிலிருந்த 1,266 பேர் இறந்தனர். பிழைத்தவர் ஏறக்குறைய 20 பேரே. 'இன்வின்சிபிள்' கப்பலில் இறந்தவர் 1,026 பேர். பிழைத்தவர் 6 பேர்.

இவ்வெண்களுக்குள் கடற்படைப் பெற்றோரின் தனித் துயர் அடங்கியிருக்கிறது. தரைப்படையில் ஒருவன் வீழ்ந்தால் அருகில் இருந்தவன் அதைக் கண்டிருப்பான், கடைசிச் சொல் ஏதேனும் கேட்டிருப்பான், எழுதியும் அனுப்புவான். கடலில் கப்பலோடு எல்லாருமே போய்விடுகின்றனர். சாட்சி சொல்ல ஆள் இல்லை. காட்டுவதற்கு ஒரு கல்லறையும் இல்லை. மூழ்கிய கப்பலின் பெயர் நாளிதழில் வந்தால் அதுவே மகனைப் பற்றிய செய்தி. அதற்குமேல் தெரிந்துகொள்ள ஒன்றும் இராது. ஆயினும் உள்ளம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும்.

அப்போரில் 'செஸ்டர்' என்னும் கப்பலில் ஜாக் கார்ன்வெல் என்ற 16 வயதுச் சிறுவன் பணியாற்றினான். தன்னோடு பீரங்கியில் நின்றவர்கள் வீழ்ந்தபின்னும், தானே படுகாயமுற்ற நிலையிலும், தன் இடத்தை விட்டு அகலாமல் நின்றான். கரைக்குக் கொண்டுவரப்பட்டு மருத்துவமனையில் ஜூன் 2 அன்று இறந்தான். செய்தி கேட்டுப் புறப்பட்ட தாய் வந்து சேருமுன் உயிர் பிரிந்துவிட்டது. பலரை ஒன்றாக அடக்கும் எளிய குழியில் முதலில் புதைக்கப்பட்ட அவன், செய்தி நாடெங்கும் பரவியபின் சூலைத் திங்களில் தோண்டியெடுக்கப்பட்டு அரசு மரியாதையுடன் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டான். விக்டோரியா சிலுவை என்னும் உயரிய விருது அவனுக்கு அளிக்கப்பட்டது. நவம்பரில் மன்னரிடமிருந்து அதைப் பெற்றுக்கொண்டவர் தாய். தந்தை அதற்கு முந்தைய திங்களிலேயே இறந்துபோயிருந்தார்.

கிப்ளிங் ஜட்லண்டு போரைப் பற்றி நாளிதழ்களுக்குத் தொடர் கட்டுரைகள் எழுதினார். 1916 அக்டோபரில் அக்கட்டுரைகளோடு வெளிவந்ததே நாம் பேசும் கவிதை. 'ஜாக்' என்பது ஆங்கிலேயர் தம் கடலோடிகள் அனைவருக்கும் பொதுவாக வழங்கும் பெயர். எனவே அது கார்ன்வெல்லை நினைவூட்டினாலும் அவனுக்கு மட்டும் உரியதன்று. பெயரறியாத ஆயிரக்கணக்கானோருக்கு உரியது.

இக்காற்றும் அக்காற்றும்

கவிதை வினாவும் விடையுமாக அமைந்தது. பெற்றவர் ஒருவர் கேட்கிறார். யாரென்று தெரியாத ஒரு குரல் விடை சொல்கிறது. கேள்விகள் மூன்று. மகனைப் பற்றிய செய்தி உண்டா, அவன் எப்போது திரும்புவான் என்பது முதற்பத்தி. வேறு யாருக்கேனும் அவனைப் பற்றித் தெரியுமா என்பது இரண்டாவது. எனக்கு ஆறுதல் எங்கே என்பது மூன்றாவது. முதலிரண்டுக்கும் கிடைக்கும் விடை ஒன்றே: இந்தக் கடலேற்றத்தில் இல்லை, இந்தக் காற்றில் இல்லை. இடையே ஒரே ஒரு முறை அக்குரல் உண்மையை மறைக்காமல் சொல்லிவிடுகிறது: மூழ்கியது மிதப்பது அரிது.

ஆங்கிலக் கவிதையின் உயிர்ச்சொல் கடலின் ஏற்றவற்றத்தைக் குறிப்பது. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குக் 'காலம்' என்றே பொருள். கிறிஸ்து பிறப்புக் காலம், உயிர்ப்புக் காலம் ஆகியவற்றைக் குறிக்கும் பழைய ஆங்கில வழக்குகளில் அப்பொருள் இன்றும் எஞ்சியுள்ளது. 'ஓதம்' என்று தமிழாக்கினால் கடல் வந்துவிடும், காலம் வாராது. ஆயினும் நம் மொழியிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. கடலையும் கரையையும் குறிக்கும் 'வேலை' என்னும் பழஞ்சொல்லும், காலத்தைக் குறிக்கும் 'வேளை' என்னும் சொல்லும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை. கரையில் நிற்பவருக்குக் கடலே கடிகாரம் என்பதை இரு மொழிகளும் தத்தம் வழியில் அறிந்துள்ளன. ஒவ்வோர் ஏற்றமும் ஒரு வேளை. ஒவ்வொரு வேளையும் ஒரு காத்திருப்பு.

இக்கவிதையில் கூர்ந்து நோக்க வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு. முதலிரண்டு பத்திகளில் 'இக்காற்று', 'இவ்வோதம்' என்னும் அண்மைச் சுட்டுகளே வருகின்றன. மூன்றாம் பத்தியின் இறுதியில் அவை 'அக்காற்று', 'அவ்வோதம்' என்னும் சேய்மைச் சுட்டுகளாக மாறிவிடுகின்றன. மகன் இறந்தான் என்று கவிதை ஓரிடத்திலும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. சுட்டெழுத்து மாறுகிறது, நிகழ்வது நிகழ்ந்துவிட்டதாகிறது. துயர்ச் செய்தி வீட்டுக்குள் வரும் விதம் பலவேளைகளில் இதுதான். அவன் 'இருக்கிறான்' என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், தாம் அறியாமலே 'இருந்தான்' என்று சொல்லத் தொடங்குகின்றனர்.

மற்றொன்று: நான்காம் பத்தியில் கேள்வியே இல்லை. விடை சொல்லும் குரல் மட்டும் பேசுகிறது: தலை நிமிர்ந்து நில், அவன் நீ பெற்ற மகன், அக்காற்றுக்கும் அவ்வோதத்துக்கும் நீ கொடுத்த மகன். பெற்றவர் அதை ஏற்றுக்கொண்டாரா? கவிதை சொல்லவில்லை. அவர் மௌனமாகிவிட்டார் என்பது மட்டுமே நமக்குத் தெரிகிறது.

மூதின் மகளிரும் கரையில் நிற்பவரும்

தமிழ் வாசகருக்கு இவ்விடத்தில் புறநானூறு நினைவுக்கு வராமல் இராது. காவற்பெண்டு பாடிய 86-ஆம் பாட்டில், ஒருவர் சிறு வீட்டின் தூணைப் பற்றி நின்று, உன் மகன் எங்கே என்று தாயைக் கேட்கிறார். எனக்குத் தெரியாது என்கிறாள் அவள். புலி தங்கிச் சென்ற குகையைப் போன்றது தன் வயிறு என்றும், அவனைக் காணவேண்டின் போர்க்களத்தில் காணலாம் என்றும் விடையிறுக்கிறாள். மகன் எங்கே என்னும் அதே வினாதான். ஆனால் அங்கே கேட்பவர் பிறர். விடை சொல்பவள் தாய். கிப்ளிங்கிடம் இது தலைகீழாகிவிடுகிறது. கேட்பவர் பெற்றவர், விடை பிறரிடம் இருக்கிறது.

காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய 278-ஆம் பாட்டு இன்னும் நெருங்கியது. மகன் புறங்காட்டினான் என்று பலர் சொல்லக் கேட்ட முதிய தாய், வாளோடு களத்துக்குச் செல்கிறாள். பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். சிதைந்து கிடந்த மகனைக் கண்டு, ஈன்ற நாளினும் பெரிதாக மகிழ்கிறாள். குடிக்கு இழுக்குத் தேடாத மகன் என்னும் பெருமை இரு கவிதைகளுக்கும் பொது. கிப்ளிங் தரும் ஒரே ஆறுதலும் அதுதானே?

எனினும் ஒரு வேறுபாடு எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. நச்செள்ளையாரின் தாய் தன் பெருமையைத் தானே கண்டடைந்தாள். தன் கைகளால் தேடினாள். தன் கண்களால் கண்டாள். நிலம் அவளுக்கு மகனின் உடலைத் திருப்பித் தந்தது. கடற்படை வீரனின் தாய்க்கு அந்தக் களம் இல்லை. அவளுடைய பெருமை பிறர் சொல்லி அவள் பெற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. ஒரு கணத்தில் வெடித்துச் சிதறிய கப்பலில் ஆயிரம் பேர் எவ்வாறு இறந்தனர் என்பதை யார் கண்டார்? வீரத்துக்கோ இழுக்குக்கோ நேரமே இல்லாத இறப்பு அது. அவர்கள் அனைவருக்கும் இழுக்கில்லை என்று சான்று கூறும் குரல், தான் காணாத ஒன்றையே கூறுகிறது. கவிதையின் வலுவற்ற இடம் இதுவென்று கருதுகிறேன். தாயின் துயர் அங்கே மெய். அதற்குத் தரப்படும் மருந்து கடன் வாங்கியது.

விடை சொல்பவர் யார்?

அக்குரல் யாருடையது? கடலின் குரலா, அரசின் குரலா, ஊராரின் குரலா? கிப்ளிங்கின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இவ்வினா இன்னும் கூர்மையாகும். அவருடைய ஒரே மகன் ஜான் முதலில் கடற்படையில் சேர எண்ணினான். கண்பார்வைக் குறையால் அது கைகூடவில்லை. தரைப்படையிலும் அதே தடை இருந்தது. தந்தை தமக்கு நெருங்கிய படைத்தலைவர் இராபர்ட்சு பிரபுவிடம் சொல்லி, ஐரிஷ் காவற்படையில் அவனுக்கு இடம் பெற்றுத் தந்தார். 1915 செப்டம்பரில் பிரான்சின் லூசு என்னும் இடத்தில் நடந்த போரில் 18 வயது ஜான் காணாமற்போனான். கிப்ளிங் 1936-இல் இறக்கும்வரை மகனின் உடல் கிடைக்கவில்லை. 1992-இல்தான் ஒரு கல்லறை அவனுடையது என்று போர்க் கல்லறை ஆணையத்தால் அறிவிக்கப்பட்டது. அதுவும் பின்னர் ஐயத்துக்கு உள்ளாகி, 2016-இல் மீண்டும் உறுதி செய்யப்பட்டது.

1997-இல் மேடையேறிய டேவிட் ஹெய்க்கின் நாடகமும், 2007-இல் வந்த அதன் திரைவடிவமும் இக்கவிதையை ஜானின் இரங்கற்பாவாகவே நிலைநிறுத்திவிட்டன. ஆனால் ஜானை வீட்டில் 'ஜாக்' என்று அழைத்ததில்லை. அவன் கடலில் இறக்கவுமில்லை. கவிதையை முழுவதும் அவனுக்கே உரியதாக்கினால் கடற்படைப் பெற்றோரின் இடம் பறிபோகும். முற்றும் தொடர்பில்லை என்றாலோ, மகனை இழந்து ஓராண்டே ஆன ஒரு தந்தை இதை எழுதினார் என்பதை மறந்தவராவோம். உடல் கிடைக்காத மகனின் தந்தை, உடல் கிடைக்க வழியே இல்லாத கடற்படைப் பெற்றோரிடம் தம் துயருக்கு ஏற்ற உருவத்தைக் கண்டார் என்று கொள்வதே பொருத்தம்.

அவ்வாறு கொண்டால், கேட்பவரும் விடை சொல்பவரும் ஒருவரே ஆகின்றனர். செய்தி உண்டா என்று கேட்பது மகனை இழந்த தந்தை. தலை நிமிர்ந்து நில் என்பது, பிறர் மக்களைப் போருக்கு அழைத்துப் பேசிய நாடறிந்த கவிஞர். கடைசிப் பத்தியில் நாடறிந்தவர் வெல்கிறார். தந்தையின் வாய் அடைக்கப்படுகிறது.

'பெற்ற' என்னும் சொல்லையும் இங்குச் சிந்திக்கலாம். ஆங்கில மூலம் கடைசிப் பத்தியில் கருவுற்றுச் சுமந்தவளைக் குறிக்கும் சொல்லை ஆள்கிறது. அதுவரை ஆணா பெண்ணா என்று தெரியாதிருந்தவர் அங்கே தாயாகிவிடுகிறார். கவிஞராகிய தந்தை அவளுக்குப் பின்னால் மறைந்துகொள்கிறார். தமிழில் 'ஈன்ற' என்று பெயர்த்தால் இம்மறைவு காக்கப்படும். 'பெற்ற' என்று பெயர்த்தால் தந்தையும் வெளியே வந்துவிடுவார். மேலும், நம் மொழியில் பிள்ளை என்பது ஒரு பேறு. நாம் உண்டாக்கியதன்று, பெற்றுக்கொண்டது. பெற்றுக்கொண்ட ஒன்றைக் காற்றுக்கும் கடலுக்கும் கொடுத்துவிட நமக்கு என்ன உரிமை? கடைசி வரியின் 'கொடுத்தாய்' என்னும் சொல் பெருமையாகத் தொடங்கிக் குற்றச்சாட்டாக முடிகிறது. கிப்ளிங் இதை உணர்ந்திருந்தார் என்பதற்கு, 1919-இல் வெளியான அவருடைய கல்லறைப் பாக்களுள் ஒன்று சான்று. இரண்டே அடிகளில் அது இளைஞரின் சாவுக்குத் தந்தையரின் பொய்யைக் காரணமாக்குகிறது.

நின்றார் என்று மட்டும்

திருவிவிலியம் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் எவ்வாறு பேசுகிறது? எரேமியா காட்டும் இராகேல் தன் மக்களுக்காக அழுகிறாள்; ஆறுதல் பெற மறுக்கிறாள். பெத்லகேம் குழந்தைகள் கொல்லப்பட்டபோது மத்தேயு நற்செய்தியாளர் அந்த மறுப்பையே நினைவுகூர்கிறார். அவளைத் தேற்றிவிட்டதாக அவர் எழுதவில்லை. சிலுவையடியில் மரியாவைக் காட்டும் யோவானும், அன்னை தலை நிமிர்ந்தார் என்றோ பெருமிதம் கொண்டார் என்றோ சொல்லவில்லை. நின்றார் என்று மட்டும் சொல்கிறார். ஆபிரகாமின் வரலாற்றிலோ, மகனைக் கொடுக்கத் துணிந்த தந்தையின் கையை இறைவனே தடுத்துவிடுகிறார். மகனைக் கொடுத்ததற்காகப் பெற்றவரைப் பாராட்டும் வழக்கம் நாடுகளுக்கு உண்டு. மறைநூல் அதில் மிகுந்த தயக்கம் காட்டுகிறது.

போருக்குப்பின் கல்லறை ஆணையத்தின் இலக்கிய ஆலோசகராயிருந்த கிப்ளிங், நினைவுக் கற்களில் பொறிப்பதற்குச் சீராக்கின் ஞானம் 44-ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு வசனத்தின் பிற்பாதியைத் தேர்ந்தார். அவர்தம் பெயர் என்றும் வாழும் என்பது அதன் கருத்து. உடல்கள் அமைதியில் அடக்கம் செய்யப்பட்டன என்னும் முற்பாதி அக்கற்களில் இல்லை. கடலில் மாண்டோருக்கு அம்முற்பாதி உண்மையும் ஆகாது. கடலையன்றி வேறு கல்லறை இல்லாத அவர்களுக்காகப் போர்ட்ஸ்மவுத், பிளிமவுத், சாத்தம் என்னும் மூன்று துறைமுக நகர்களிலும் ஒரே வடிவிலான தூண்கள் எழுப்பப்பட்டு 1924-இல் திறக்கப்பட்டன. அங்கே இருப்பவை பெயர்கள் மட்டுமே. பெற்றோர் விரலால் தொட்டுப் பார்ப்பதற்கு அவ்வளவே மிஞ்சியது.

அடுத்த ஆண்டு, 1925-இல், கிப்ளிங் 'தோட்டக்காரர்' என்னும் சிறுகதையை வெளியிட்டார். ஹெலன் என்னும் பெண் மைக்கேல் என்னும் பிள்ளையைத் தன் அண்ணன் மகன் என்று ஊராரிடம் சொல்லி வளர்க்கிறாள். அவன் போரில் மடிகிறான். ஆயிரக்கணக்கான சிலுவைகள் நிறைந்த கல்லறைத் தோட்டத்தில் வழி தெரியாமல் நிற்கையில், செடி நட்டுக்கொண்டிருந்த ஒருவர் யாரைத் தேடுகிறாய் என்கிறார். அண்ணன் மகனை என்கிறாள். எல்லையற்ற இரக்கத்தோடு அவளை நோக்கும் அவர், உன் மகன் இருக்கும் இடத்தைக் காட்டுகிறேன், வா என்கிறார். அவரைத் தோட்டக்காரர் என்று எண்ணியவளாய் அவள் திரும்பிப் போகிறாள். யோவான் 20-ஆம் அதிகாரத்தில் மகதலா மரியா உயிர்த்த ஆண்டவரை யாரென்று எண்ணினார் என்பதை அறிந்த வாசகருக்கு விளக்கம் தேவையில்லை.

கவிதையின் குரலுக்கும் கதையின் குரலுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். முந்தையது தாயிடம் எப்படி நிற்க வேண்டும் என்று சொன்னது. பிந்தையது அவள் யாருடைய தாய் என்பதை அறிந்து சொன்னது. ஆறுதல் இரண்டாவதில்தான் இருக்கிறது. கிப்ளிங் என்னும் கலைஞர் தம் கவிதையின் கடைசிப் பத்தியைத் தாமே திருத்திக்கொண்டார் என்று இக்கதையைப் படிப்பது மிகையாகாது.

நம் கரையில்

இது தொலைநாட்டுச் செய்தியன்று. 1971 டிசம்பர் 9 அன்று தியூவுக்கு அப்பால் 'குக்ரி' என்னும் நம் போர்க்கப்பல் நீர்மூழ்கிக் கப்பலால் தாக்கப்பட்டு மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். கப்பலை விட்டு அகலாத தலைவர் மகேந்திர நாத் முல்லாவின் பெயரை நாடு அறியும். ஏனைய 193 வீடுகளில் கேட்கப்பட்ட கேள்விகள் எந்தக் கவிதையிலும் இடம்பெறவில்லை.

இன்றும் கடற்படையில் பிள்ளைகள் பணியாற்றும் வீடுகள் நம் பங்குகளில் உள்ளன. 2022 முதல் பெண்களும் மாலுமிகளாகச் சேர்க்கப்படுவதால், இனி அது மகனைப் பெற்றோரின் கவலை மட்டுமன்று. கப்பல் எங்கே செல்கிறது என்பதைப் பிள்ளை சொல்லக் கூடாது. பெற்றோர் கேட்கவும் கூடாது. கைப்பேசி வந்த பின்னும் நடுக்கடலின் மௌனம் மௌனமாகவே இருக்கிறது. நீர்மூழ்கியில் இருப்போரின் மௌனம் இன்னும் நீண்டது. தொலைக்காட்சியில் பெயர் சொல்லப்படாத ஒரு கப்பலில் விபத்து என்று செய்தி வரும் இரவில் அவ்வீடுகளில் உறக்கம் இல்லை.

அவர்களிடம் இக்கவிதையைக் கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்பதே என் முடிவு. ஆனால் அதன் முதல் மூன்று பத்திகளுக்காக. காத்திருப்பவரின் மூச்சை அவ்வளவு உண்மையாய்ப் பிடித்த வரிகள் மிகச் சிலவே. கடைசிப் பத்தியின் பெருமிதத்தைப் பெற்றோர் தாமே எடுத்துக்கொண்டால் அதைப் பறிக்கத் திறனாய்வாளனுக்கோ குருவுக்கோ உரிமை இல்லை. சீருடையில் நிற்கும் பிள்ளையின் படத்தை வரவேற்பறையில் மாட்டி வைத்திருக்கும் தாயின் பெருமை தூயது. அதை அவளுக்கு நாம் ஆணையாக இடுவதே தவறு. மேடையிலிருந்தும் பலிபீடத்திலிருந்தும் பேசுவோருக்கு நான்காம் பத்தியின் குரல் மிக எளிதாக வாய்த்துவிடும். பெற்றவர் மூன்றாம் கேள்வியோடு நின்றுவிட்டால், நாமும் அவரோடு சற்று நேரம் நிற்பதே தகும்.

கிப்ளிங்கின் கவிதை, மனிதர் தம் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்ததோடு முடிகிறது. திருவெளிப்பாட்டின் 20-ஆம் அதிகாரத்தில் கடல் தன்னிடமிருந்த இறந்தோரைத் திருப்பி ஒப்படைக்கிறது. எப்போது திரும்புவான் என்று கேட்டவருக்கு இது நாள் குறித்துச் சொல்லும் விடையன்று. இந்த ஏற்றத்துக்கும் இந்தக் காற்றுக்கும் உரிய விடையுமன்று. ஆனால் கடல் தனக்கு வந்தவரை என்றென்றும் வைத்துக்கொள்ள உரிமை பெறவில்லை என்பதே நம் நம்பிக்கை. அந்நம்பிக்கையையும் அவர்கள்மேல் சுமத்தாமல், நம்பிக்கையாளர் மன்றாட்டில் கடலில் இருப்போரை நினைக்கும்போது கரையில் இருப்போரையும் சேர்த்து நினைப்போம்.